வரிப்பணத்தில் அழகான கட்டடம் தேவையா? கோபம் எங்கிருந்து வருகிறது, கணக்கு என்ன சொல்கிறது

புதிய தலைமைச் செயலகம், புதிய நாடாளுமன்றம், புதிய பேருந்து நிலையம், நூலகம் என்று எந்த அறிவிப்பு வந்தாலும் ஒரே சண்டைதான் தொடங்குகிறது. "பள்ளிக்கூடத்தில் கழிப்பறை இல்லை, இங்கே கண்ணாடி மாளிகையா?" என்று ஒரு தரப்பு கேட்கும். "அரசு அலுவலகம் என்றால் அழுக்குச் சுவரும் கால் உடைந்த பெஞ்சுமாகத்தான் இருக்க வேண்டுமா?" என்று மறுதரப்பு திருப்பிக் கேட்கும். இரண்டிலுமே நியாயம் இருக்கிறது. ஆனால் இருவரும் கையில் வைத்திருப்பது செய்தித் தலைப்பில் வந்த மொத்தத் தொகை ஒன்றைத்தான். அந்தத் தொகை எந்தக் கணக்கிலிருந்து வருகிறது, அதில் அழகுக்கென்று போவது எவ்வளவு, ஒரே ஊரில் ஒரு கட்டடத்துக்காக மக்கள் சண்டை போட்டதும் இன்னொன்றைக் கண்டுகொள்ளாமல் விட்டதும் ஏன் என்று பிரித்துப் பார்த்தால் விவாதம் வேறு மாதிரி தெரியும்.

முதலில் கணக்கு

அரசின் செலவு இரண்டு வகை. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் போல ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருவது வருவாய்ச் செலவு. சாலை, பாலம், அணை, கட்டடம் என்று ஒரு முறை செலவழித்துப் பல ஆண்டு பயன்படுத்துவது மூலதனச் செலவு. இரண்டாவது வகைக்குப் பெரும்பாலும் கடன் வாங்குகிறார்கள். பல தலைமுறை பயன்படுத்தப்போகும் ஒன்றின் சுமையைப் பல ஆண்டுகளுக்குப் பரப்புவதில் தவறில்லை என்பது அதன் அடிப்படை.

இந்த வேறுபாடு தெரியாமல்தான் "இந்த 300 கோடியில் எத்தனை ஆசிரியர்களை நியமித்திருக்கலாம்?" என்ற கேள்வி வருகிறது. ஆசிரியர் சம்பளம் அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் வேண்டும். கட்டடச் செலவு அப்படியில்லை. நியாயமாக ஒப்பிட வேண்டுமென்றால் கட்டடத்தைக் கட்டடத்தோடு ஒப்பிட வேண்டும்: இந்த மாளிகைக்குப் பதிலாக எத்தனை வகுப்பறைகள், எத்தனை ஆரம்ப சுகாதார நிலையங்கள்? அப்படிக் கேட்டால் அது வலுவான கேள்வி. பதில் சொல்ல வேண்டிய கேள்வியும்கூட.

அளவையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் ஓராண்டுச் செலவு இப்போது 3 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 300 கோடி ரூபாய்க் கட்டடம் என்பது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் ஓராண்டுக்கு மட்டும். அப்படியிருக்கக் கட்டடத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு கோபம்? கண்ணில் படுவதால்தான். மின் வாரியத்தின் நட்டத்தையோ கடனுக்கான வட்டியையோ யாரும் படம் எடுத்துப் பகிர முடியாது. கட்டடத்தைப் படம் எடுக்கலாம். அதன் வாசலில் ஒரு தலைவரின் பெயர் பொறித்த கல்வெட்டும் இருக்கும். கோபத்துக்கு முகவரி கிடைத்துவிடுகிறது.

அழகுக்கு மட்டும் எவ்வளவு?

ஒரு பொதுக் கட்டடத்தின் எஸ்டிமேட்டைப் பிரித்தால் அஸ்திவாரமும் கான்கிரீட் சட்டகமும் பெரும் பங்கை எடுக்கும். அடுத்து மின் இணைப்பு, குளிர்சாதனம், லிஃப்ட், தீயணைப்பு, குடிநீர், கழிவுநீர். இவையெல்லாம் கட்டடம் அழகாக இருந்தாலும் அசிங்கமாக இருந்தாலும் வேண்டும். மிச்சமிருக்கும் தரை, சுவர்ப்பூச்சு, முகப்பு, மரவேலை, தோட்டம் ஆகியவற்றில்தான் "அழகு" என்று நாம் சொல்வது பெரும்பாலும் அடங்குகிறது. அதிலும் ஒரு பகுதி எப்படியும் செய்தாக வேண்டியதுதான். தரைக்கு ஏதாவது ஒன்று போடாமல் விட முடியாது.

வீடு கட்டுபவர்களுக்கு இது தெரியும். பட்ஜெட் எகிறிவிட்டது என்று புலம்பிக்கொண்டே எலிவேஷனுக்கு ஒரு தொகையும் நிலைவாசலுக்குத் தேக்கும் ஒதுக்குகிறோம். அதை யாரும் ஆடம்பரம் என்று சொல்வதில்லை.

அழகு என்றால் விலை கூடும் என்ற நம்பிக்கையே பாதிதான் சரி. சன்னலின் உயரம், வராந்தாவின் அகலம், மாடிப்படி எங்கே தொடங்குகிறது, காலை வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, மரத்தை வெட்டாமல் சுற்றிக் கட்டினார்களா என்பதெல்லாம் யோசனை சம்பந்தப்பட்டவை. திருவனந்தபுரம் உள்ளூரில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தை 1970களில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கட்டினார். பூசாத செங்கல், காற்று நுழையத் துளைகள் விட்டுக் கட்டும் செங்கல் ஜாலி, சரிவான நிலத்தைச் சமப்படுத்தாமல் அதன் போக்கிலேயே வளைந்து போகும் சுவர். சிக்கனத்துக்குப் பெயர்போன கட்டடங்கள் அவை. கட்டடக்கலை மாணவர்கள் இன்றும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

இதற்கு நேர்மாறானதையும் எல்லா ஊரிலும் பார்க்கலாம். வழக்கமான கான்கிரீட் பெட்டி ஒன்றைக் கட்டிவிட்டு, முன்பக்கம் மட்டும் நீலக் கண்ணாடியும் ஏசிபி என்ற அலுமினியத் தகடு ஒட்டிய ஷீட்டும் ஒட்டுவார்கள். மேற்கு வெயில் கண்ணாடியில் இறங்கி உள்ளே இருப்பவரை வாட்டும். ஏசி இல்லாமல் உட்கார முடியாது. கண்ணாடியைத் திறக்கவும் வழியிருக்காது. சில மழைக்காலம் போனதும் ஷீட்டின் இணைப்புகளில் தண்ணீர் இறங்கிக் கறை படியும். இது மலிவும் இல்லை, அழகும் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட கட்டடத்தை எதிர்த்து யாரும் அறிக்கை விடுவதில்லை. அசிங்கமாக இருந்தால் சிக்கனமாகத்தான் இருக்கும் என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம்.

சென்னை, 2010-11: ஒரே ஊர், இரண்டு கட்டடம்

இந்தத் தலைப்பில் யாரும் திட்டமிட்டு நடத்தாத ஒரு சோதனை சென்னையில் தானாக நடந்திருக்கிறது.

2010இல் திமுக ஆட்சியில் இரண்டு பெரிய கட்டடங்கள் திறக்கப்பட்டன. ஒன்று, ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் எழுந்த புதிய சட்டமன்றத் தலைமைச் செயலக வளாகம். ஜெர்மனியின் ஜிஎம்பி என்ற கட்டடக்கலை நிறுவனத்தின் வடிவமைப்பு. 2008 நவம்பரில் அடிக்கல். 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைத்தார். திறப்பு நாளில் மேலே இருக்க வேண்டிய குவிமாடம் முடிந்திருக்கவில்லை. அதனால் திரைப்படக் கலை இயக்குநர் தோட்டா தரணியைக் கொண்டு தற்காலிகமாக ஒரு குவிமாடம் அமைத்தார்கள். சட்டமன்றத்தின் தலையில் சினிமா செட் என்ற கேலி அன்றே தொடங்கிவிட்டது.

இன்னொன்று, கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். அண்ணாவின் பிறந்த நாளான செப்டம்பர் 15 அன்று, அதே 2010இல் திறந்தார்கள். சுமார் 170 கோடி ரூபாய் செலவு, எட்டு மாடி, 12 லட்சம் புத்தகங்கள் வைக்கும் கொள்ளளவு. குழந்தைகள் பிரிவில் நடுவே ஒரு செயற்கை மரம் கிளை விரித்து நிற்கும். அதன் அடியில் பிள்ளைகள் உட்கார்ந்து படம் பார்ப்பார்கள். பார்வையற்றோருக்குப் பிரெய்ல் பகுதி உண்டு. சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிக்கத் தனிப் பகுதி உண்டு.

2011 மே மாதம் ஆட்சி மாறியது. புதிய அரசு சட்டமன்றத்தை உடனே புனித ஜார்ஜ் கோட்டைக்கே திருப்பிக் கொண்டுபோனது. ஓமந்தூரார் வளாகம் பன்னோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையாக மாற்றப்படும் என்று ஆகஸ்டில் அறிவிப்பு. நவம்பரில் இன்னொரு அறிவிப்பு: நூலகம் பள்ளிக் கல்வித் துறை அலுவலகங்கள் இருக்கும் நுங்கம்பாக்கம் டிபிஐ வளாகத்துக்குப் போகும், கோட்டூர்புரம் கட்டடம் குழந்தைகள் மருத்துவமனை ஆகும்.

கவனியுங்கள். இரண்டையும் கட்டியது ஒரே ஆட்சி. இரண்டையும் மாற்ற நினைத்ததும் ஒரே ஆட்சி. இரண்டிலும் சொன்ன மாற்று, யாரும் சுலபமாக எதிர்க்க முடியாத மருத்துவமனை. ஆனால் விளைவு வேறு.

நூலக அறிவிப்பு வந்ததுமே எழுத்தாளர்கள், மாணவர்கள், வாசகர்கள் தெருவுக்கு வந்தார்கள். பொதுநல வழக்கு போனது. அடுத்த சில நாட்களிலேயே உயர் நீதிமன்றம் தடை விதித்தது. குழந்தைகள் மருத்துவமனை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அதை வேறு இடத்தில் கட்டுங்கள் என்றார்கள். நடுவில் சில ஆண்டுகள் பராமரிப்பில்லாமல் நூலகம் நொந்துபோனது உண்மை. ஆனாலும் அது நூலகமாகவே நின்றது.

ஓமந்தூரார் விஷயத்திலும் வழக்குகள் நடந்தன. ஆனால் "எங்கள் சட்டமன்றத்தை எடுக்காதே" என்று பொதுமக்கள் திரண்டு வந்த காட்சி எதுவும் இல்லை. 2014 பிப்ரவரியில் அங்கே மருத்துவமனை திறந்தது. கட்டுமானத்தில் முறைகேடு என்ற புகாரை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி ரகுபதி தலைமையில் 2011இல் அமைத்த ஆணையம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கடைசியில் ஆணையத்துக்கு ஆகும் செலவையே உயர் நீதிமன்றம் 2018இல் கேள்வி கேட்டது.

அழகைக் கொண்டோ செலவைக் கொண்டோ மட்டும் இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. இரண்டுமே பெரியவை, இரண்டுமே சராசரி அரசுக் கட்டடத்தைவிடப் பகட்டானவை. என் கணிப்பில் பதில் வாசலில் இருக்கிறது. நூலகத்துக்குள் யாரும் எதுவும் கேட்காமல் போகலாம். சட்டமன்றத்துக்குள் பாஸ் இல்லாமல் போக முடியாது. ஓராண்டுக்குச் சற்று மேல் மட்டுமே இயங்கிய அந்த வளாகத்தில் பெரும்பாலான சென்னைவாசிகள் காலே வைத்ததில்லை. காலே வைக்காத இடம் போனால் யாருக்கு வலிக்கும்?

அண்ணா நூலகத்துக்குள் ஒரு சாதாரண வார நாளில் போய்ப் பாருங்கள். டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலையிலேயே வந்து இடம் பிடித்திருப்பார்கள். வீட்டில் ஒற்றை அறை, அதில் டிவி, தம்பி தங்கைகள், விருந்தாளிகள். இங்கே உயரமான கூரை, பெரிய சன்னல், குளிர்ந்த காற்று, சத்தமில்லாத மேசை. மாலுக்கும் கிளப்புக்கும் போக முடிந்தவருக்கு நூலகத்தின் சலவைக்கல் தரை ஆடம்பரமாகத் தெரியலாம். போக முடியாதவருக்கு, காசு கேட்காமல் உள்ளே விடும் ஒரே நல்ல கட்டடம் அதுதான்.

அப்படியானால் மக்கள் எதை எதிர்க்கிறார்கள்?

அண்மைக் கால எதிர்ப்புகளை அடுக்கிப் பார்த்தால், அழகு என்ற காரணம் தனியாக வருவது அபூர்வம். அதோடு வேறு ஏதாவது ஒன்று சேர்ந்தே வருகிறது.

1. உள்ளே விடாதது. ஐதராபாத்தில் முதல்வரின் முகாம் அலுவலகமான பிரகதி பவன் 2016இல் கட்டப்பட்டது. முன்னால் இரும்புத் தடுப்புகள், சாமானியர் நெருங்க முடியாத நிலை. அந்தத் தடுப்புகள் கட்டடத்தைவிடப் பெரிய அரசியல் ஆயுதமாகின. 2023 டிசம்பரில் ஆட்சி மாறியபோது புதிய முதல்வர் ரேவந்த் ரெட்டி பதவியேற்ற நாளிலேயே தடுப்புகளைப் பிடுங்கி எடுத்தார்கள். பிரஜா பவன் என்று பெயர் மாற்றி, மறுநாளே மக்கள் மனுவோடு உள்ளே வரலாம் என்று திறந்துவிட்டார்கள். அதே கட்டடம், அதே கல். ஆடம்பரம் என்ற பேச்சின் சூடு அதோடு தணிந்தது.

2. யாரையாவது கிளப்பிவிட்டுக் கட்டுவது. 2003இல் சென்னை மெரினாவில் ராணி மேரி கல்லூரி இருக்கும் இடத்தில் தலைமைச் செயலகம் கட்டும் திட்டம் வந்தது. 1914இல் தொடங்கிய பெண்கள் கல்லூரி அது. மாணவிகள் வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள், திட்டம் கைவிடப்பட்டது. வரைபடம் அழகாக இருந்ததா இல்லையா என்பதை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை. ஐதராபாத் தலைமைச் செயலகத்திலும் இதே சிக்கல்தான்: பழைய கட்டடங்கள் இன்னும் பயன்படும் நிலையில் இருக்க, 2020இல் அவற்றை இடித்தது ஏன் என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது. 2023 ஏப்ரலில் திறந்த புதிய கட்டடத்தை வடிவமைத்தவர்கள் சென்னையைச் சேர்ந்த ஆஸ்கர், பொன்னி கான்சஸ்ஸாவ் தம்பதி.

3. நேரம் தெரியாமல் கட்டுவது. புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கான ஒப்பந்தம் சுமார் 862 கோடி ரூபாய். சாதாரண காலமாக இருந்தால் இரண்டு நாள் பேசிவிட்டு விட்டிருப்பார்கள். ஆனால் 2021 ஏப்ரல், மே மாதங்களில் டெல்லியில் ஆக்ஸிஜன் கிடைக்காமல் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தபோது இந்தக் கட்டடமும் அடங்கிய சென்ட்ரல் விஸ்டா திட்டத்தின் வேலைகள் ஊரடங்கிலும் தொடர்ந்தன. அதுதான் எரிச்சலைக் கிளப்பியது. வேலையை நிறுத்தக் கோரிய மனுவை டெல்லி உயர் நீதிமன்றம் மே 31 அன்று தள்ளுபடி செய்து, மனுதாரர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் போட்டது. சட்டப்படி அது முடிந்த கதை. மக்கள் மனதில் அப்படி முடியவில்லை.

4. கட்சிச் சொத்தாகக் காட்டுவது. இது நம் ஊர் நோய். கல்வெட்டில் பெயர், வாசலில் சிலை, திறப்பு விழாவில் கொடி. கட்டியவர் அதை ஊருக்கே பொதுவானதாக விட மறுத்தால், ஊரில் பாதிப்பேர் அதைத் தங்களுடையதாக நினைக்க மாட்டார்கள். அடுத்த ஆட்சி அதைத் தொடாமல் விட்டால்தான் ஆச்சரியம்.

காலம் போனால் கோபம் போய்விடுமா?

"இன்று திட்டுவீர்கள், நாளை பெருமைப்படுவீர்கள்" என்பது கட்டுபவர்கள் எப்போதும் சொல்லும் பதில். இதற்கு உதாரணமாக மதுரை திருமலை நாயக்கர் மகாலைக் காட்டுபவர்களும் உண்டு. அந்த ஒப்பீட்டை ஒதுக்கிவிடலாம். நாயக்கர் காலத்தில் வரி கொடுத்தவனிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. அவன் திட்டினானா வாழ்த்தினானா என்று நமக்குத் தெரியாது. வாக்குரிமை வந்த பிறகு கட்டியவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

கர்நாடகச் சட்டமன்றம் இயங்கும் பெங்களூரு விதான சௌதா நல்ல உதாரணம். 1951இல் நேரு அடிக்கல் நாட்டியபோது திட்டம் எளிமையானது, சுமார் 50 லட்சம் ரூபாய் என்று கணக்கு. அடுத்த ஆண்டு முதல்வரான கெங்கல் ஹனுமந்தையா அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, திராவிடக் கோயில் மரபையும் பிற பாணிகளையும் கலந்து பிரமாண்டமாக மாற்றினார். வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் "உங்களுக்கென்று ஒரு கட்டடக்கலை கிடையாதா?" என்று கேட்டது அவரைக் குத்திவிட்டது என்று கதை சொல்வார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். அவர்களில் சிறைக்கைதிகளும் இருந்தார்கள். 1956இல் முடிந்தபோது செலவு 1 கோடியே 75 லட்சத்தைத் தாண்டியிருந்தது. செலவைப் பற்றிக் கடும் விமர்சனம். அதே ஆண்டு சொந்தக் கட்சிக்குள் ஆதரவை இழந்து ஹனுமந்தையா பதவி விலகினார். இன்று கர்நாடகத்தின் அடையாளமே அந்தக் கட்டடம்தான். 2005இல் பக்கத்தில் விகாஸ சௌதா கட்டியபோது அதே பாணியைப் பின்பற்றினார்கள். வேறு பாணியைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் சிட்னி ஓபரா ஹவுஸ். உலகம் முழுக்க எடுத்துக்காட்டும் இந்தக் கதையில் இரண்டு விவரங்கள் அடிக்கடி விடுபட்டுப் போகின்றன. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் முடியும் என்றார்கள், 10 கோடியே 20 லட்சம் ஆனது. 1963இல் திறப்பதாக இருந்தது 1973 வரை இழுத்தது. வடிவமைத்த யோர்ன் உட்சன் 1966இல் மனம் வெறுத்து விலகி ஊர் திரும்பினார். முடிந்த கட்டடத்தை அவர் கடைசிவரை நேரில் பார்க்கவில்லை. இதுவரை எல்லோரும் சொல்வதுதான். விடுபடும் முதல் விவரம், பணம் வந்த வழி. பெரும்பகுதி வரியிலிருந்து வரவில்லை, அதற்கென்றே 1957இல் தொடங்கிய லாட்டரியிலிருந்து வந்தது. டிக்கெட் வாங்கியவர் விரும்பி வாங்கினார். "என் வரிப்பணம்" என்ற குற்றச்சாட்டின் கூர் அங்கேயே மழுங்கிவிட்டது.

இரண்டாவது, செலவு ஏன் எகிறியது என்பது. கூரையின் ஓடு போன்ற வளைவுகளை எப்படிக் கட்டுவது என்று கணக்கே முடியாத நிலையில் 1959இல் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். தாமதித்தால் அரசியல் ஆதரவு போய்விடும் என்ற பயம். பிறகு கூரையின் எடை தெரிந்ததும், ஏற்கெனவே போட்ட தூண்களைத் திருத்த வேண்டியதாயிற்று. அழகுக்காகப் போன பணத்தோடு அவசரத்துக்காகப் போன பணமும் அந்த 10 கோடியில் சேர்ந்திருக்கிறது. ஓமந்தூராரில் குவிமாடம் முடியாமல் திறப்பு விழா நடத்தியதும் இதே அவசரத்தின் இன்னொரு வடிவம்தான். அடிக்கல்லும் திறப்பும் ஒரே ஆட்சிக்காலத்துக்குள் முடிய வேண்டும் என்ற கட்டாயம் நம் பொதுக் கட்டடங்களின் மிக விலையுயர்ந்த பொருள். எந்த எஸ்டிமேட்டிலும் அதற்கு ஒரு வரி இருப்பதில்லை.

ஆக, காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று சொல்ல முடியாது. விதான சௌதா கட்டிய வேலைக்கே பயன்பட்டது, தொடர்ந்து பயன்பட்டது. சிட்னியில் கச்சேரி கேட்க டிக்கெட் எடுத்தால் யாரும் உள்ளே போகலாம்; எடுக்காவிட்டாலும் படிக்கட்டில் உட்கார்ந்து துறைமுகத்தைப் பார்க்கலாம். பெருமை வருவதற்கு முன்னால் பழக்கம் வந்திருக்கிறது.

பொறியாளர் ஏன் அழகைத் தவிர்க்கிறார்?

பெரிய கட்டடங்களைப் பற்றிய சத்தத்தில் காதில் விழாமல் போவது, அன்றாடம் கட்டப்படும் ஆயிரக்கணக்கான சிறு கட்டடங்கள்: வட்டாட்சியர் அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம், ஊராட்சிக் கட்டடம், அரசுப் பள்ளி. மக்கள் உண்மையில் வாழ்நாள் முழுக்கப் புழங்குவது இவற்றில்தான். இவை ஏன் ஒன்றுபோலவே, சுமாராகவே இருக்கின்றன?

பொதுப்பணித் துறை ஆண்டுதோறும் ஒரு விலைப்பட்டியல் வெளியிடும். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு இவ்வளவு, ஒரு சதுர மீட்டர் பூச்சுக்கு இவ்வளவு என்று. எஸ்டிமேட் அதை வைத்துத்தான் போட வேண்டும். பட்டியலில் இல்லாத ஒரு வேலையை, உதாரணத்துக்கு பேக்கர் பாணி செங்கல் ஜாலியைச் சேர்த்தால், அதற்குத் தனியாக விலை விவரம் திரட்ட வேண்டும், மேலிடத்தில் தனி ஒப்புதல் வாங்க வேண்டும். பிறகு தணிக்கை வரும்: "பட்டியலில் இருக்கும் சாதாரணச் சன்னல் போதாதா? கூடுதல் செலவுக்கு என்ன நியாயம்?" நல்ல கட்டடம் கட்டியதற்காக எந்த உதவிப் பொறியாளருக்கும் பதவி உயர்வு வராது. தணிக்கைத் தடை வந்தால் ஓய்வூதியம் சிக்கும். அவர் போன தடவை போட்ட வரைபடத்தையே திரும்பப் போடுவதில் ஆச்சரியம் என்ன?

அடுத்தது டெண்டர். 1998இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழ், தகுதி பெற்றவர்களில் மிகக் குறைந்த விலை சொன்னவருக்கே வேலை போகும். எல்1 என்று சொல்வது இவரைத்தான். ஊழலைத் தடுக்க வந்த விதி, தேவையான விதி. ஆனால் சிமெண்ட் மூட்டைக்குப் பொருந்துவது வடிவமைப்புக்குப் பொருந்தாது. அதனால் வடிவமைப்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் தரத்துக்கு ஒரு மதிப்பெண், கட்டணத்துக்கு ஒரு மதிப்பெண் என்று பிரித்துக் கூட்டும் முறையும் இருக்கிறது. பெரிய திட்டங்களில் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஊராட்சிப் பள்ளிக்கு யாரும் அவ்வளவு மெனக்கெடுவதில்லை. ஒரே ஒரு நல்ல மாதிரி வரைபடத்தை ஒரு முறை சிரத்தையாகச் செய்து விலைப்பட்டியலிலும் சேர்த்துவிட்டால், ஆயிரம் பள்ளிகளுக்கு அது கூடுதல் செலவில்லாமல் கிடைக்கும். இதைக் கோரி யாரும் போராட்டம் நடத்தியதில்லை, மாளிகைகளை எதிர்ப்பவர்கள் உட்பட.

திறப்பு விழாவுக்குப் பிறகு

கட்டுவது மூலதனச் செலவு, பராமரிப்பது வருவாய்ச் செலவு. முதலாவதற்கு ரிப்பன் வெட்டலாம். சாக்கடை அடைப்பு எடுத்ததற்கு யாரும் ரிப்பன் வெட்ட மாட்டார்கள்.

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கும் இரண்டு பழைய கட்டடங்கள் இதைக் காட்டும். ரிப்பன் மாளிகை 1913இல் திறக்கப்பட்டது. செலவு ஏழரை லட்சம் ரூபாய், கட்டியவர் லோகநாத முதலியார். மாநகராட்சி அன்றிலிருந்து அங்கேதான் இயங்குகிறது. வேலை நடக்கிற இடம் என்பதால் ஒழுகினால் யாராவது கவனிக்க வேண்டியிருக்கிறது. நூற்றாண்டையொட்டிப் பெரிய அளவில் புதுப்பித்தார்கள். பக்கத்திலேயே விக்டோரியா பொது மண்டபம், 1880களின் கடைசியில் ஊர்ப் பிரமுகர்கள் பணம் போட்டுக் கட்டியது. வரிப்பணம் என்ற குற்றச்சாட்டே எழாத கட்டடம். ஆனால் கூட்டமும் நாடகமும் நின்று, தினமும் பயன்படுத்த ஆளில்லாமல் போனபின் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது.

ஓமந்தூராருக்குத் திரும்புவோம். அந்த வளாகத்தைக் கட்டிய கட்சியே 2021இல் மறுபடி ஆட்சிக்கு வந்தது. கோட்டையில் இடநெருக்கடி என்ற பழைய காரணம் அப்படியே இருந்தது. கொரோனா காலத்தில் இடைவெளி விட்டு உட்கார இடம் போதாமல் சட்டமன்றமே கலைவாணர் அரங்கத்துக்குப் போக வேண்டியிருந்தது. கிண்டியில் 1,000 படுக்கைகளோடு கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையும் 2023இல் திறந்தது. ஓமந்தூரார் பழையபடி சட்டமன்றம் ஆகிவிடும் என்ற பேச்சு எழுந்தது, அடங்கியது. 2011இல் அந்தக் கட்டடத்தின் வாசலில் நின்று சண்டை போடுவதற்குப் பொதுமக்களில் யாரும் இல்லை. இப்போது வெளிநோயாளி சீட்டு வாங்கக் காலையில் வரிசையில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை வெளியே போகச் சொல்லி ஆணை போட எந்த முதல்வருக்கும் மனம் வராது.